பழைய விமானமும் பகுத்தறிவும்

(ஒரு படிப்பகத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பழைய காலத்துச் சிறு ஆகாய விமானம் ஒன்றை அதைப் போலவே மறுபடியும் செய்து ஆகாயத்தில் பறக்கவிடுவது என்பதைப் பற்றியதாகும். "இவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? இவன் எந்தக் காலேஜில் படித்தான்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயந்தான். நான் காலேஜ் வாசலை மிதித்தவனுமல்ல, விமானம் ஓட்டுகிறவனுமல்ல. புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், கேட்டதை என் சிறு புத்தியில் போட்டு உரைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். ஆதலால் சந்தேகம் தோன்றினால் தாராளமாய்க் கேளுங்கள். கேள்வி கேட்கக்கூடாத இடம் யோக்கியமான இடமாக இருக்க முடியாது.

"பழமையை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிற கூட்டத்துக்குப் பழைய விமானத்தின் மேல் என்ன அக்கறை?" என்றும் கேட்கலாம். பழையது என்பதற்காக ஒன்றை வெறுக்க வேண்டும் என்று நாம் சொல்லுவதில்லை. பழையது என்கிற ஒரே காரணத்துக்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்லுகிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த விமானக் காரியத்தைப் போல விளங்கக் காட்டக்கூடியது வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை.

இங்கிலாந்து, பிரான்சு, அமெரிக்கா முதலிய தேசங்களில் 80 வருஷம், 100 வருஷத்துக்கு முந்திய சிறு விமானங்களை அதே வடிவில், அதே அளவில், தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே செய்கிறவர்கள் அநேகர் இருக்கிறார்கள். அவர்கள் கோடீஸ்வரர்களல்ல. தச்சு வேலை தெரிந்தவர், மோட்டார் மெக்கானிக், பள்ளிக்கூட வாத்தியார், பென்ஷன் வாங்கினவர், இப்படிப்பட்டவர்களே அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் மாலை வேளையுமாகப் பல வருஷம் உழைத்து ஒரு விமானத்தை முடிக்கிறார்கள்.

இப்படிச் செய்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காட்சிசாலையில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்வது. மற்றொன்று மனிதன் ஏறிப் பறப்பதற்காகச் செய்வது. முதல் வகை நம் ஊர்த் தேரின் முன்னால் கட்டியிருக்கும் மரக்குதிரையைப் போன்றது. குதிரை பார்ப்பதற்கு வெகு அழகு. நாலு காலையும் தூக்கிக்கொண்டு பாய்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் தேரை இழுப்பது குதிரையா, மனிதனா? இழுக்க வேண்டாத குதிரைக்குப் பலம் இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. பறக்க வேண்டாத விமானத்தையும் அப்படித்தான். பறக்க வேண்டிய விமானத்தின் சங்கதியோ வேறு. அது தான் மெய் என்பதைத் தினமும் ருசுப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏறினவன் வீடு திரும்பமாட்டான்.

ஆகையால் அவர்கள் வேலை செய்கிற மாதிரியைக் கொஞ்சம் கவனியுங்கள். சிறகு என்பது பெரிய மந்திர சாமான் அல்ல. ஸ்புரூஸ் என்னும் இலேசான, நேரான மரத்தில் நீளமாய் இரண்டு சட்டங்கள், அவற்றின் குறுக்கே மீன் முள்ளைப் போல வரிசையாய் விலாச் சட்டங்கள், அதன்மேல் துணி. அவ்வளவுதான். பழைய காலத்தில் லினன் துணியோ பருத்தித் துணியோ போட்டு, "டோப்" என்கிற ஒருவிதச் சாந்தைப் பூசி விறைக்க வைப்பார்கள். இப்போது பாலியெஸ்டர் துணியை ஒட்டி, வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் போன்ற ஒன்றால் சூடுகாட்டுகிறார்கள். துணி சுருங்கி மேளத்தோலைப் போல விறைத்துக்கொள்ளுகிறது. வெயிலில் நைந்து போகாமலிருக்க அலுமினியப் பொடி கலந்த பூச்சு ஒன்று பூசுகிறார்கள்.

பசையின் கதை இதைவிட ருசியானது. பழைய விமானங்களில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் என்னும் பசை போட்டார்கள். உலர்ந்த இடத்தில் அது நன்றாய்ப் பிடிக்கும். ஈரம் தட்டிப் பூஞ்சணம் பிடித்தாலோ கைவிட்டுவிடும். இப்பொழுது எப்பாக்சி முதலிய புதுப் பசைகள் இருக்கின்றன. "பழைய விமானத்தை அப்படியே செய்கிறேன்" என்கிறவன் எந்தப் பசையைப் போடுவது? பழைய பசையைப் போட்டால்தான் அசல் என்று சாதிக்கிறவர்களும் இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து விமானக்காரன் கேசீனைப் போட்டதற்குக் காரணம், அவன் காலத்தில் கிடைத்தவற்றில் அது நல்லதாக இருந்தது என்பதுதான். இன்று அவன் உயிரோடிருந்தால் எதைப் போடுவான் என்று யோசித்துப் பாருங்கள். அவன் கையிலிருந்த பசையைக் காப்பாற்றுவது ஒரு காரியம். அவன் புத்தியைக் காப்பாற்றுவது வேறொரு காரியம்.

எந்தப் பசையானாலும் அதையும் நம்பிவிடுவதில்லை. சிறகை ஒட்டுகிற அன்றே, அதே மரத்தில் அதே பசையால் இரண்டு துண்டுகளை ஒட்டி வைத்து, காய்ந்த பிறகு அதை உடைத்துப் பார்ப்பார்கள். ஒட்டு விட்டுக்கொண்டால் வேலை தோல்வி. மரம் கிழிந்து ஒட்டு நின்றால் வேலை சரி. சிறகு பொறுக்குமா என்று பார்க்க, மாதிரிச் சிறகைத் தலைகீழாய்க் கவிழ்த்து, ஆகாயத்தில் ஏறக்கூடிய பாரத்தைப் போலச் சில மடங்கு கணக்கிட்டு மணல் மூட்டைகளை அடுக்குவதும் உண்டு. துணி போட்டு மூடுவதற்கு முன் பரிசோதகர் ஒருவர் வந்து உள்ளேயுள்ள ஒட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்; மூடின பிறகு பார்த்துப் பயனில்லையல்லவா? பிறகு தராசில் நிறுத்தி, பாரத்தின் நடு மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போடுவார்கள். இவ்வளவும் ஆன பிறகு நாள் பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள். ராகுகாலம், எமகண்டம் பார்ப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு அடிக்கிறது என்று பார்க்கிறார்கள்.

தோழர்களே! இனி நடந்த சங்கதிகளுக்கு வருகிறேன்.

பிரேசில் தேசத்திலிருந்து பாரிசுக்கு வந்து வாழ்ந்த சாண்டோஸ் டூமாண்ட் என்பவர், ஐரோப்பாவில் 1906-ஆம் வருஷத்திலேயே பலர் பார்க்க விமானத்தில் பறந்தவர். அவர் 1907 முதல் 1909 வரையில் "டெமாய்செல்" என்னும் மிகச் சிறு விமானத்தைச் செய்தார். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் இளம்பெண் என்று அர்த்தம். தட்டான் வகைப் பூச்சி ஒன்றுக்கும் அதே பெயர். 1909-ல் செய்ததன் உடல் மூன்று மூங்கிற் கழிகள்தான். நம் ஊரில் பந்தல் போடுகிற மூங்கிலே அங்கே விமானத்தைத் தாங்கிற்று. இதைவிடப் பெருமைப்பட வேண்டியது, அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை என்பதுதான். "இஷ்டப்பட்டவர்கள் செய்துகொள்ளட்டும்" என்று விட்டுவிட்டார். 1910-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அதன் வரைபடங்கள் வெளிவந்தன. ஒரு பச்சிலையின் பெயரைக்கூடத் தன் மகனுக்கு மட்டும் சாகும்போது காதில் சொல்லுகிற நாட்டில் வாழுகிற நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு 1965-ல் "தோஸ் மேக்னிபிசென்ட் மென் இன் தேர் பிளையிங் மெஷீன்ஸ்" என்று ஓர் இங்கிலீஷ் சினிமா வந்தது. 1910-ல் லண்டனிலிருந்து பாரிசுக்கு விமானப் பந்தயம் நடப்பதாகக் கதை. அதற்காகப் பழைய விமானங்கள் சிலவற்றை மெய்யாகவே பறக்கும்படி செய்தார்கள். அதில் இந்த டெமாய்செல்லும் ஒன்று. செய்து முடித்து ஓட்டிப் பார்த்தால், அது தரையை விட்டுச் சரியாய் எழும்பவில்லை. வரைபடம் இருக்கிறது, வடிவம் சரி, எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பறக்க மாட்டேன் என்கிறது. நம்மவர்களாயிருந்தால் "கலிகாலம்" என்றோ, "செய்தவர் கைராசி போய்விட்டது" என்றோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் அப்படிச் சொல்லாமல் எது வித்தியாசம் என்று தேடினார்கள். சாண்டோஸ் டூமாண்ட் மிகவும் சிறிய உருவமும் குறைந்த எடையும் உள்ள மனிதர். வரைபடத்தில் எழுதப்படாத ஒரு பாகம் அந்த விமானத்தில் இருந்தது. அதுதான் ஓட்டியவருடைய உடம்பு!

அப்படியானால் எடை குறைந்த விமானி யார் என்று பார்த்து, ஜோன் ஹியூஸ் என்கிற அம்மையாரை ஏற்றினார்கள். விமானம் எழும்பிப் பறந்தது. அந்த அம்மையார் யாரென்றால், 17-வது வயதிலேயே விமானியாகி, இரண்டாவது உலக யுத்தத்தின்போது நாலு எஞ்சின் உள்ள பெரிய குண்டு விமானங்களையும் தொழிற்சாலையிலிருந்து பட்டாளத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்த கூட்டத்தில் ஒருவர். ஆண்பிள்ளைகளால் எழுப்ப முடியாத விமானம் ஒரு பெண்பிள்ளை ஏறினதும் எழும்பிற்று என்பதை, பெண்களை அடுப்பங்கரைக்கு வெளியே விட்டால் உலகம் கெட்டுவிடும் என்கிறவர்களுடைய கவனத்துக்கு விடுகிறேன். அது தெய்வச் செயலுமல்ல, பெண்ணென்பதால் வந்த அதிர்ஷ்டமுமல்ல. எடைக் கணக்கு, அந்தக் கணக்குக்குத் தக்கபடி ஓட்டத் தெரிந்த கை.

ஆனால் இன்று நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது இது அல்ல. சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதையும் இதோடு தீர்ந்தது. இனிமேல் சொல்லப்போவதில் உயிர்கள் போயிருக்கின்றன.

பிரான்சு தேசத்தில் ஹென்றி மின்யே என்று ஒருவர் 1893-ல் பிறந்தார். ரேடியோ வேலை தெரிந்தவர். விமானத்தின் மேல் தீராத மோகம் கொண்டவர். சாதாரண விமானத்தில் கையால் ஒரு கோலையும் காலால் மிதிகட்டைகளையும் ஒரே சமயத்தில் இசைவாய் நடத்த வேண்டும். அது தனக்குச் சரியாய் வரவில்லை என்பதை மறைக்காமல் சொன்னவர். தனக்கு வராதது பாமரனுக்கும் வராது. ஆகையால் காலுக்கு வேலையே இல்லாத விமானம் செய்வோம் என்று புறப்பட்டார். பல விமானங்களைச் செய்து பார்த்து, 14-வது மாதிரியில் 1933-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி பறந்தார்.

அந்த விமானத்தின் அகலம் 20 அடிக்கு மேல் போகாது. வெறும் எடை சுமார் 100 கிலோ. மோட்டார் சைக்கிள் ஜாதியைச் சேர்ந்த ஒரு சிறு எஞ்சின். மற்ற விமானங்களில் பெரிய சிறகு முன்னாலும், சிறிய வால் தூரத்தில் பின்னாலும் இருக்கும். இதில் முன்னால் ஒரு சிறகு, அதை ஒட்டினாற்போல் பின்னால் மற்றொரு சிறகு. முன் சிறகு கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் சாயும். கோலைப் பின்னுக்கு இழுத்தால் முன் சிறகு நிமிர்ந்து விமானம் மேலே போகும். பக்கத்தில் தள்ளினால் வாலிலுள்ள சுக்கான் திரும்பும். கால் சும்மா இருக்கலாம். ஹென்றி போர்டு செய்த மலிவு மோட்டாருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் "ரோட்டுப் பேன்" என்று வேடிக்கைப் பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து இதற்கு "ஆகாயப் பேன்" என்று பெயர் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் அதைப் "பறக்கும் தெள்ளுப்பூச்சி" என்றார்கள்.

மின்யே தன் வித்தையை ஒளித்து வைக்கவில்லை. 1934-ல் ஒரு புத்தகம் எழுதி, எந்த மரம், எந்த ஆணி, எந்த அளவு என்று எல்லாவற்றையும் சொல்லி, சாமான் பெட்டிக்கு ஆணி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் செய்யலாம் என்று தைரியம் கொடுத்தார். 1935-ல் அது இங்கிலீஷில் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் அவர் தன் சிறு விமானத்தில் கடலைத் தாண்டி பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கே போய்க் காட்டினார். ஜனங்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கடைக்காரனும் கொல்லனும் பள்ளிப் பையனும் கொட்டகையில் உட்கார்ந்து விமானம் செய்ய ஆரம்பித்தார்கள். ஆகாயம் இனிமேல் பணக்காரன் சொத்தல்ல என்று நினைத்தார்கள். அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நம் ஆசையுந்தான்.

பிறகு என்ன நடந்தது? 1935-லும் 1936-லும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஒருவர் பின் ஒருவராய் விழுந்து செத்தார்கள். சாதாரண ஓட்டிகள் மட்டுமல்ல. பட்டாளத்தில் விமானம் ஓட்டித் தேர்ந்தவர்களும் செத்தார்கள். பார்த்தவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. விமானம் மூக்கைக் கீழே சாய்த்தது, சாய்ந்தது நிமிரவில்லை, நேராய்த் தரையில் வந்து மோதிற்று. "செய்தவன் சரியாய்ச் செய்யவில்லை", "ஓட்டத் தெரியவில்லை" என்று முதலில் சொன்னார்கள். செத்துப்போனவன் மேல் பழிபோடுவது எப்பொழுதும் சுலபம். அவன் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை.

1936-ல் இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னும் இடத்திலும், பிரான்சில் ஷாலே மெதோன் என்னும் இடத்திலும் முழு விமானத்தையே சோதித்தார்கள். அங்கே பெரிய விசிறிகளை வைத்துக் காற்றைப் புயல்போல ஓட்டுகிற பெரிய கூடங்கள் அப்போது இருந்தன. விமானத்தைத் தராசுகளில் பொருத்தி நிறுத்திவிட்டு, எந்தச் சாய்வில் காற்று அதை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று அளக்கலாம். அளந்ததில் உண்மை வெளிப்பட்டது.

அதை உங்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்லுகிறேன். கிணற்றில் துலா ஏற்றம் பார்த்திருக்கிறீர்கள். ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழும். இந்த விமானத்தில் முன் சிறகு ஒரு முனை, பின் சிறகு மறுமுனை. விமானம் கீழே பாயும்போது ஓட்டுகிறவன் கோலை இழுக்கிறான். முன் சிறகு நிமிருகிறது. முன்முனை உயர வேண்டியதுதானே? ஆனால் முன் சிறகின் பின் ஓரம் பின் சிறகுக்கு மிக அருகில் வந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஒரு குழாய் வாய் போல ஆகி, அதன் வழியே பாய்கிற காற்று பின் சிறகைத் தூக்கிவிடுகிறது. பின்முனை உயர்ந்தால் முன்முனை தாழுமல்லவா? ஆகவே, ஒரு எல்லைக்கு மேல் சாய்ந்துவிட்ட பிறகு, பிழைப்பதற்காக அவன் இழுக்க இழுக்க, அது அவனைக் கொல்லுவதற்காகக் கவிழ்ந்துகொண்டே இருக்கிறது. செத்தவர்கள் தப்புச் செய்து சாகவில்லை. புத்தகத்தில் சொன்னபடி சரியாய்ச் செய்ததனாலேயே செத்தார்கள்!

தோழர்களே! இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மின்யே புரட்டரா? அல்லவே அல்ல. புரட்டன் ஊராரை ஏறச் சொல்லிவிட்டுத் தான் கரையில் நிற்பான். இவர் தன் உடம்பையே முதலில் ஏற்றினார். பலமுறை பறந்தார். கடலைத் தாண்டினார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் அவர் புத்தகம் ஆளைக் கொன்றது. ஏன்? அவர் பறந்த வேகத்தில், அவர் ஓட்டிய விதத்தில் அந்தக் குற்றம் தலைகாட்டவில்லை. அவருக்குப் பலித்தது. "எனக்குப் பலித்தது, ஆகையால் எல்லோருக்கும் பலிக்கும்" என்று உண்மையாகவே நம்பினார்.

"என் அனுபவத்தில் கண்டேன்" என்கிற சொல்லைக் கேட்டால் நாமும் சில சமயம் மயங்கிப் போகிறோம். மந்திரித்த தாயத்துக் கட்டினேன், சுரம் விட்டது. இன்ன கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன், வழக்கு ஜெயித்தது என்கிறவர்களில் பலர் பொய்யர்களல்ல. அவர்களுக்கு அப்படி நடந்திருக்கலாம். ஆனால் ஒருவனுக்கு நடந்தது, அதுவும் அவனே பார்த்துச் சொன்னது, எப்படி மற்றவனுக்கு ஆதாரமாகும்? மின்யேயைப் போல நாணயமான, தைரியமான, தன் உயிரையே பணயம் வைத்த ஒரு மனிதனுடைய அனுபவமே போதாமற் போயிற்று என்றால், மற்றவர்களுடைய அனுபவத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொரு சங்கதியும் உண்டு. சர்க்கார் அந்த விமானத்துக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திற்று. அதோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பாமரன் ஆகாயத்துக்கு ஆசைப்பட்டான், செத்தான்; படித்தவனுக்கு விட்டுவிடு" என்கிற புது வருணாசிரமம் ஒன்று ஏற்பட்டிருக்கும். ஆனால் சோதனை "கூடாது" என்று மட்டும் சொல்லவில்லை. "இன்ன காரணத்தால் கூடாது" என்று சொல்லிற்று. காரணம் தெரிந்தால் பரிகாரம் தெரியும். இரண்டு சிறகுக்கும் உள்ள இடைவெளியை மாற்றினார்கள். சிறகின் வளைவை மாற்றினார்கள். பாரத்தின் மையம் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்று எல்லை கட்டினார்கள். மின்யேயும் "என் புத்தகத்தில் கை வைக்காதே" என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்துவிடவில்லை. 1965-ல் இறக்கும் வரையில் அந்த இரட்டைச் சிறகு வழியிலேயே புதிது புதிதாய்த் திருத்தின மாதிரிகளைச் செய்துகொண்டிருந்தார். அந்த வழியில் வந்த சிறு விமானங்கள் பிற்காலத்திலும் பறந்திருக்கின்றன. 1990-களின் கடைசியில் பிரான்சில் ஒருவர், கடையில் விற்கிற அலுமினிய ஏணிகளையே உடலாக வைத்து அப்படி ஒன்றைச் செய்தார். பேன், ஏணி என்கிற இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சேர்த்து அதற்குப் "புஷெல்" என்று பெயர்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இன்றைக்கு ஒருவன் 1933-ஆம் வருஷத்து ஆகாயப் பேனைச் செய்து பறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். எப்படிச் செய்வது? ஒரு மயிரிழையும் மாற்றாமல் செய்தால், அது காட்சிசாலைக்கு உயர்ந்த பொருள். ஏறிப் பறந்தால் எமன். இடைவெளியையும் வளைவையும் திருத்திச் செய்தால், "இது அசல் அல்ல" என்று சிலர் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தகப்பன் வெட்டின கிணற்றில் தண்ணீர் விஷம் என்று தெரிந்த பிறகும், தகப்பன் வெட்டினது என்பதற்காகப் பிள்ளைக்கு அதை ஊற்றிக் கொடுக்கிறவன் தகப்பனுக்கு மரியாதை செய்கிறவனா, பிள்ளையைக் கொல்லுகிறவனா? மின்யேயின் ஆசை, பாமரனும் பறக்க வேண்டும் என்பது. அதைக் காப்பாற்றத்தான் அவர் போட்ட அளவை மாற்ற வேண்டியிருக்கிறது.

சோதனை என்றால் தோல்வியையும் பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளுகிற தைரியம் வேண்டும். ரைட் சகோதரர்கள் 1903-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி முதன்முதல் பறந்தார்கள். சரியாய் 100 வருஷம் கழித்து, 2003-ல் அதே தேதியில் அதே இடத்தில், அதே மாதிரி செய்த விமானத்தைப் பறக்கவிட ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்க ஜனாதிபதியே வந்து பேசிய விழா. ஆயிரக்கணக்கான ஜனங்கள். மழை கொட்டிற்று, காற்றும் போதவில்லை. விமானம் தண்டவாளத்தின் மேல் ஓடி, எழும்பாமல் சேற்றில் போய் நின்றுவிட்டது. அதே விமானம் அதற்குச் சில வாரங்களுக்கு முன் எழும்பிப் பறந்ததுதான். 1903-ல் அன்றைக்கு மணிக்கு 20 மைலுக்கு மேல் எதிர்க்காற்று அடித்தது; அந்தக் காற்றின் உதவி இல்லாமல் அந்தச் சிறு எஞ்சினால் எழும்ப முடியாது. அன்று "பறந்தது, பக்தி உள்ளவன் கண்ணுக்குத் தெரிந்தது" என்று யாரும் சொல்லவில்லை. "பறக்கவில்லை, காற்றுப் போதவில்லை" என்று உலகத்துக்குச் சொன்னார்கள். ரைட் சகோதரர்களுடைய பெருமை இதனால் ஒரு குன்றிமணியும் குறைந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் பழைய விமானத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. பரத்துவாஜ மகரிஷி சொன்னது என்று "வைமானிக சாஸ்திரம்" என்பதாக ஒரு சமஸ்கிருதப் புத்தகம் இருக்கிறது. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று நாலு விமானங்களுக்குப் படங்களும் அளவுகளும் அதில் உண்டு. இதை வைத்துப் பெருமை பேசினார்களே தவிர, ஒன்றைச் செய்து ஏறிப் பறந்து காட்டினவர் இல்லை. 1974-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து விஞ்ஞானிகள் இதைப் பரிகாசம் செய்யாமல், மற்ற விமானங்களைப் பார்க்கிற மாதிரியே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் புத்தகம் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்ல எழுதப்பட்டது என்பதும், அந்தப் படங்களில் உள்ளபடி செய்தால் பறக்காது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. மின்யேயின் புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மின்யேயின் புத்தகத்தில் பிழை இருந்தது. ஆனால் அதன்படி செய்தது பறந்தது, விழுந்தது, திருத்தப்பட்டது, மறுபடியும் பறந்தது. மற்றதோ பறக்கவுமில்லை, விழவுமில்லை. விழாத விமானம் என்பது உண்மைதான். ஏறாதவன் எங்கே விழப்போகிறான்?

ஆகவே தோழர்களே! ஒருவன் வந்து ஒரு சங்கதியை நம்பு என்றால், அது விமானமாயிருந்தாலும், மருந்தாயிருந்தாலும், மதமாயிருந்தாலும், அரசியலாயிருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது: செய்து காட்டினாயா? இரண்டாவது: அதில் நீ ஏறினாயா, அல்லது எங்களைத்தான் ஏறச் சொல்லுகிறாயா? இந்த இரண்டு கேள்வியிலேயே ஊரிலுள்ள புரட்டர்களில் முக்கால்வாசிப்பேர் ஓடிவிடுவார்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் மின்யே நெஞ்சு நிமிர்ந்து "ஆம்" என்று சொல்லியிருப்பார். அதனால்தான் மூன்றாவது கேள்வி மிக முக்கியம்: உன்னோடு சம்பந்தமில்லாதவன், உன் பேரில் பிரியமும் பகையும் இல்லாதவன், இதைச் சோதித்துப் பார்த்தானா? அந்த மூன்றாவது கேள்வியை 1935-லேயே கேட்டுப் பதில் வாங்கியிருந்தால், கொட்டகையில் ஆசையாய் விமானம் செய்த பல பேர் கிழவர்களாகிப் பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்லியிருப்பார்கள்.

நாணயமானவன் சொல்லுவதையும் சோதிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. நமக்கு வேண்டாதவன் சொல்லுவதைச் சந்தேகிப்பது பெரிய பகுத்தறிவல்ல. அதை எவனும் செய்வான். நமக்குப் பிடித்தவன், நமக்காகப் பாடுபடுகிறவன், பொய் சொல்லாதவன் சொல்லுகிறபோதும் மணல் மூட்டையை எடுத்துவந்து சிறகின் மேல் அடுக்கிப் பார்க்க வேண்டும். அதை அவமரியாதை என்று அவன் நினைத்தால் அவன் விமானத்தில் ஏறாதீர்கள். அந்த மூட்டைகளை என் பேச்சின் மேலும் அடுக்கலாம்.